மூன்று லேட், ஒரு ஆப்சென்ட்

வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே இரண்டு பேரும் நலம். ஒருத்தி சும்மா நலம், இன்னொருத்தி கொதித்துக்கொண்டே நலம். கொதிக்கிறவள் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஓட்டல் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைக் குனிந்து அள்ளாதே, தள்ளுவண்டியைக் கிட்டே இழுத்துக்கொள் என்று போன தடவையே எழுதினேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வாரத்தில் செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் உனக்கு ஓய்வு நாள். அன்றைக்கு மட்டும்தான் உன் சூப்பர்வைசர் பெட்டியைத் திறந்து போனைக் கையில் கொடுக்கிறார். அந்த அரைமணி நேரம் உனக்கும் உன் மகளுக்கும். அதற்காகத்தான் நான் செவ்வாய்தோறும் என் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு ஏழு மணிக்குப் பார்சல் ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறேன். தவிர, இது பொடிசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சும் இல்லை.

நேற்று மதியம் என் கவுண்டருக்கே எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. பதினான்கு வருஷமாக ஊருக்கெல்லாம் "இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று நீட்டிய பேனாவால் எனக்கு நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பக்கத்துக் கவுண்டர்க்காரர், யாரோ பரிசு அனுப்பியிருக்காங்க போல என்று கிண்டல் வேறு செய்தார். பிரித்தால் பொடிசின் பள்ளிக்கூடத்திலிருந்து நோட்டீஸ். இந்த வருஷம் அவளுக்குக் காரணமில்லாத ஆப்சென்ட் ஒன்பது நாள். பத்தாவது நாள் விழுந்தால் ஆண்டுத் தேர்வு எழுத விடமாட்டார்களாம். எட்டாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் உட்கார வேண்டுமாம்.

காய்ச்சல் அடித்தபோதுகூட அரைநாள் வீட்டில் இருக்கமாட்டேன் என்று அடம்பிடித்த பெண் அவள். ஒன்பது நாள் எங்கே போனாள்? என்னென்னவோ நினைத்தேன், அதையெல்லாம் எழுதிப் பேப்பரைப் பாழாக்க விரும்பவில்லை. நோட்டீசின் பின்பக்கம் பொடி எழுத்தில் விதிகள் இருந்தன. அதில் நான்காவது: மூன்று முறை தாமதமாக வந்தால் ஒரு நாள் வராததாகக் கணக்கு. கூடவே தேதிப் பட்டியல். சுவரில் இருந்த காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாகப் பார்த்தேன். இருபத்தேழு தேதி. இருபத்தேழும் செவ்வாய்க்கிழமை.

இதில் உன் தப்பு எதுவும் இல்லை அக்கா. உன் திங்கள் ராத்திரி ஷிப்ட் அரைமணி தள்ளிப்போன பிறகு உனக்குப் போன் கிடைப்பதே இங்கே எட்டேகாலுக்கு. பள்ளி மணி எட்டரைக்கு. உன்னிடம் அந்தக் கள்ளி, செவ்வாய்க்கிழமை முதல் பீரியட் விளையாட்டு, லேட்டாப் போனா ஒண்ணும் சொல்லமாட்டாங்க என்று சொல்லியிருக்கிறாள். என்னிடம், அம்மா எட்டு மணிக்கெல்லாம் வெச்சுடுறாங்க சித்தி என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் காதிலும் பூ. முன்னால் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் அவள் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இரண்டிலும் என் கையெழுத்தை அவளே போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் இந்தத் தடவை பதிவுத் தபால். பள்ளிக்கூடத்தில் கேட்டு அந்த இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். என்னைவிட நன்றாகவே போட்டிருக்கிறாள்.

ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்துக் கேட்டேன். அழவில்லை. செவ்வாய்க்கிழமை பேசலைன்னா அடுத்த செவ்வாய்தானே, ஒரு வருஷம் திரும்பப் படிச்சா என்ன, பாடம் நல்லாப் புரியும் என்றாள். எனக்கு அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். பொய்க் கையெழுத்துக்காக அவளோடு நான் பேசவில்லை. இன்று காலை வரைக்கும் தாக்குப்பிடித்தேன்.

உன்னிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எழுதும்போதே எனக்குப் பயமாகவும் இருக்கிறது, ஏனென்றால் உன்னை எனக்குத் தெரியும். நீ எதையும் செய்யாதே. போன் பேசுவதை நிறுத்தாதே, குறைக்காதே, அவளைத் திட்டாதே. இது உள்ளூர் சண்டை. நான் ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

என்றும் உன் அன்புத் தங்கை


வியாழக்கிழமை
(பள்ளிக்கு நான் எழுதியது. உன் பார்வைக்கு ஒரு நகல் எடுத்து வைத்தேன்.)

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் அக்கா மகளின் வருகை பற்றித் தாங்கள் அனுப்பிய நோட்டீசும் உறுதிமொழிப் படிவமும் கிடைத்தன. படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

"இனி எந்த நாளும் மாணவி தாமதமாக வரமாட்டாள் என உறுதி கூறுகிறேன்" என்று அதில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவள் தாமதமாகத்தான் வருவாள். பொய் உறுதிமொழி கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. அவளுடைய தாய் தூரத்தில் வேலை செய்கிறாள். வாரத்தில் ஒரு நாள், அரைமணி நேரம்தான் அவளால் பேச முடியும். அது உங்கள் மணி அடிக்கிற நேரமாக இருப்பதற்கு அவளும் காரணம் இல்லை, இந்தப் பெண்ணும் காரணம் இல்லை.

நேற்று முன்தினம் செவ்வாய்க்கிழமை அவள் சரியான நேரத்துக்கு வந்ததை உங்கள் பதிவேட்டில் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். விஷயம் தெரிந்து அவள் தாய் ஐந்து நிமிடத்தில் போனை வைத்துவிட்டாள். அதனால் நேரத்துக்கு வந்தாள். அன்றைக்கு அவள் வகுப்பில் என்ன படித்தாள் என்று அவள் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள், எங்கம்மாவுக்கு என்கிட்ட பேச ஒண்ணுமில்ல போல என்று.

முந்தைய எச்சரிக்கைகளில் என் கையெழுத்தை அவள் போட்டது தப்பு. அதற்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். பெற்ற தாயோடு பேசியதற்குத் தண்டனை கொடுத்தால் குறுக்கே நிற்பேன். நாளை காலை பத்து மணிக்குத் தங்களை நேரில் சந்திக்க வருகிறேன். வரலாமா என்று கேட்கவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மாணவியின் சித்தி


சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன், பிறகு மற்றது. குறைக்காதே என்று எழுதினேன், நீ குறைத்தாய். சாப்பிட்டியா, படிக்கிறியா, ஸ்கூலுக்குக் கிளம்பு என்று மூன்றே கேள்வி. ஒரு தாய் செய்ய வேண்டியதைத்தான் செய்தாய், தெரியும். எல்லாரும் கைதட்டுவார்கள். ஆனால் இங்கே அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கட் ஆனது தெரியாமல், ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டிருந்தவள் உன் மகள். பக்கத்து வீட்டக்கா சுவருக்கு அந்தப்புறம் கேட்டுவிட்டு வந்து சொன்னார். நீ வருத்தப்பட வேண்டும் என்றே எழுதுகிறேன். வருத்தப்பட்டு முடித்துவிட்டு மேலே படி.

நேற்று அரைநாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை அறையில் அவர் நாற்காலி உயரம், எதிரே இருப்பது குட்டை. உட்கார்ந்தால் நாமே எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டது போல் இருக்கும். நான் நின்றுகொண்டேன். சுவரில் வகுப்புவாரியாக வருகை சதவீதம் எழுதிய அட்டை. பொடிசின் வகுப்புக்குச் சிவப்பு மை. அறை ஓரத்தில் வருகைப் பதிவேடு எழுதுகிற அம்மா, இடுப்பில் சாவிக்கொத்தோடு, என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நான் எழுதிய கடிதம் மேஜை ஓரத்தில் பிரிக்காமலே கிடந்தது.

தலைமையாசிரியை எடுத்த எடுப்பிலேயே, பொண்ணோட அப்பா ஏன் வரல என்று கேட்டார். அவர் இறந்து ஆறு வருஷம் ஆகுது என்றேன். அப்படியா என்று ஃபைலைப் பார்த்தார். பிறகு, உங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் என்றார். எனக்குக் கல்யாணமே ஆகலைங்க என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டு வேலைக்கு ஆள் இருக்கா, காலையில் யார் சமைக்கிறது, துணி யார் துவைக்கிறது என்று அடுத்தடுத்துக் கேள்வி. வருகையைப் பற்றிப் பேச வந்தவளிடம் எதற்கு அடுப்படி விசாரணை என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கவுண்டரில் வேலை பார்ப்பவர்களுக்கு எழுத்தைத் தலைகீழாகப் படிக்க வரும், உனக்குத் தெரியும். மேஜையில் விரித்திருந்த ஃபைலை நான் நின்ற இடத்திலிருந்தே படித்தேன். "மாணவி சித்தியின் கட்டுப்பாட்டில் இருக்கிறாள். செவ்வாய்தோறும் வீட்டு வேலைக்காக நிறுத்தப்படுகிறாளா என விசாரிக்கவும்." கட்டுப்பாடு என்ற வார்த்தைக்குக் கீழே கோடு வேறு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷ ஆரம்பத்தில் கொடுத்த படிவத்தில், வீட்டில் உடனிருப்பவர் என்ற இடத்தில் பொடிசு "சித்தி" என்று எழுதியிருக்கிறாள். இவர்கள் அத்தானுக்கு என்னை இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்துவிட்டார்கள் அக்கா. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. நம் அப்பா இருபது வருஷம் அலைந்தும் முடியாத என் கல்யாணத்தை இந்தப் பள்ளிக்கூடம் உட்கார்ந்த இடத்தில் நடத்தி முடித்திருக்கிறது. எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. நான் அவ அம்மா கூடப் பொறந்த சித்திங்க, அவ அப்பா கட்டிக்கிட்ட சித்தி இல்ல என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வராண்டாவில் போன இரண்டு பிள்ளைகள் நின்று பார்த்தார்கள்.

தலைமையாசிரியை ஃபைலை மூடினார். அந்தச் சாவிக்கொத்து அம்மாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. அதை எழுதியவர் அவர்தான். யாரையும் பார்க்காமல், என் வீட்டுக்கு வந்த சித்தி என்னை ஆறாவதோட நிறுத்திட்டாங்க, நான் பிறகு தனியாப் படிச்சுப் பாஸ் பண்ணேன், அந்த நெனப்புல எழுதிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க என்றார். அதற்கு மேல் அவரிடம் எனக்குச் சண்டை போட வரவில்லை. ஒரு பிள்ளை எங்கோ அல்லாடுகிறதோ என்று பயந்துதானே எழுதியிருக்கிறார். அதை அவரிடமே சொன்னேன்.

ஆனால் தலைமையாசிரியையிடம் விடவில்லை, உன் செவ்வாய்க்கிழமைப் போனைப் பற்றி எடுத்துச் சொன்னேன். விதி விதிதான் என்றார். சரி, உங்கள் விதியையே படிக்கிறேன் என்று நோட்டீசின் பின்பக்கத்தைத் திருப்பினேன். ஏழாவது விதி, குடும்பத்தின் தவிர்க்க முடியாத தேவைக்காகத் தாமதமானால், பெற்றோரோ பாதுகாவலரோ எழுதிக் கொடுத்தால் கணக்கில் சேராது என்கிறது. இதோ எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். நீங்க பெற்றோரும் இல்ல, பாதுகாவலரும் இல்ல, உங்க கையெழுத்து செல்லாது என்றார். எட்டு வயசிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிட்ட கை இது. எங்கள் ஆபீசில் பெறுநர் இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர் கையெழுத்துப் போட்டால் போதும், எத்தனை விலை உயர்ந்த சாமானாக இருந்தாலும் கொடுத்துவிடுவோம் என்றேன். இது பார்சல் இல்லீங்க, பிள்ளை என்றார். அந்த ஒன்றை மட்டும் அவர் சரியாகச் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். தாய் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நான் பாதுகாவலர் ஆகிவிடலாம். அதற்கப்புறம் என் கடிதம் செல்லும், செவ்வாய்க்கிழமைகள் கணக்கில் சேராது. பழைய ஒன்பது நாள் ஒன்பதாகவே இருக்கும், அதை அவரால் அழிக்க முடியாதாம். இருக்கட்டும் என்றேன். பொய்க் கையெழுத்துக்குத் தண்டனையாக இரண்டு வாரம் மதிய இடைவேளையில் நூலகத்தில் புத்தகம் அடுக்க வேண்டும். பொடிசிடம் சொன்னேன், அவள் முகத்தைப் பார்த்தால் தண்டனை மாதிரித் தெரியவில்லை.

இனி முக்கியமானதைக் கேள். அந்தப் படிவத்தில் உன் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள். "என் பிள்ளையை வளர்க்க இயலாத நிலையில் நான் இருப்பதால், கீழ்க்கண்டவரிடம் பிள்ளையை ஒப்படைக்கிறேன்." அங்கேயே நின்று நான்கு தடவை படித்தேன்.

உன்னிடம் ஒளிக்கமாட்டேன். ஒரு நிமிடம் எனக்கு அந்த வரி பிடித்திருந்தது. நீ அதில் கையெழுத்துப் போட்டால் அவள் எனக்கு. யாரும் கேட்க முடியாது. நாளைக்கு நீ திரும்பி வந்தாலும் கொஞ்சமாவது எனக்கு. இந்த ஐந்து வருஷத்தில் எத்தனை தடவை அப்படி நினைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. அவளுக்குச் சாக்ஸ் வாங்கும்போது கடைக்காரர், அம்மா மாதிரியே ஜாடை என்பார். நான் திருத்தியதில்லை.

பிறகு போர்வை தூக்கும் உன் கையை நினைத்தேன். வளர்க்க இயலாதவளா நீ? அவள் காலில் இருக்கிற ஷூவிலிருந்து தலையில் இருக்கிற ரிப்பன் வரைக்கும் நீ அங்கே நின்று சம்பாதித்தது. வாரத்தில் கிடைக்கிற ஒரே அரைமணி நேரத்தில் தூங்கப் போகாமல், ஷிப்ட் முடிந்த கையோடு, மாடிப்படியில் உட்கார்ந்து அவள் கணக்குப் பாடத்தைக் கேட்கிறவள் நீ. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். தலைமையாசிரியை, அச்சடிச்ச வரியை அடிக்கக் கூடாதுங்க என்றார். தப்பான முகவரி அச்சாகியிருந்தா அடிச்சுட்டுச் சரியானதை எழுதித்தான் அனுப்புவோம் என்றேன். அதற்குள் சாவிக்கொத்து அம்மா, அடிச்ச இடத்துல ரெண்டு பேரும் சின்னக் கையெழுத்து போட்டா செல்லும் மேடம், போன வருஷம்கூட ஒண்ணு வந்துச்சு என்றார். தலைமையாசிரியை அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம், இருபதாம் தேதிக்குள்ள வரணும் என்று மட்டும் சொன்னார்.

அடித்த வரிக்கு மேலே நான் எழுதியது இது: "என் பிள்ளையை நானும் என் தங்கையும் சேர்ந்து வளர்க்கிறோம். பள்ளி விஷயத்தில் அவள் கையெழுத்து என் கையெழுத்து." மை கொஞ்சம் பரவியிருக்கிறது, படிக்க முடியும்.

அந்தப் படிவம் இதோடு இருக்கிறது. நானே எடைபோட்டு, நானே முத்திரை குத்தி, இன்றைய வண்டியில் ஏற்றுகிறேன். நான் அடித்த இடத்தில் என் சின்னக் கையெழுத்து இருக்கிறது, பக்கத்தில் உன்னுடையதைப் போடு. கீழே முழுக் கையெழுத்து. அடுத்த செவ்வாய்க்குள் திரும்பி வராது, அதற்கடுத்த செவ்வாய்க்கும் வருமோ வராதோ. பரவாயில்லை. அந்த இரண்டு செவ்வாயும் நீ எட்டேகாலுக்குக் கூப்பிட வேண்டும், எட்டேமுக்கால் வரைக்கும் பேச வேண்டும். இரண்டு லேட் விழட்டும். மூன்று விழுந்தால்தான் ஆப்சென்ட், அவர்கள் விதிதான் சொல்கிறது. போன வாரம் நீ கேட்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துக் கேள். வகுப்பில் யாரோடு சண்டை என்று கேள், அவளிடம் அதற்கு நீளமான கதை இருக்கிறது, என்னிடம் சொல்லமாட்டேன் என்கிறாள்.

படிவத்தில் என் பெயர், முகவரி, வேலை எல்லாம் நிரப்பிவிட்டேன். மாணவிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். சித்தி என்று எழுதினால் மறுபடியும் யாராவது தப்பாகப் படிப்பார்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கட்டத்தை நீ நிரப்பு அக்கா. உனக்கு என்ன எழுதத் தோன்றுகிறதோ அதை எழுது.

உன் தங்கை